இளையவனின் அங்கி

எட்டாம் வகுப்போடு குருமடத்துக்குப் போன இன்னாசி, ஞாயிறு பூசை முடித்து, அப்பா கட்டி, இப்போது அண்ணன் பெயரில் இருக்கும் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். அங்கியைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். அண்ணன் கஸ்பார் கணினியில், ஒரு ராஜ வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆளவேண்டிய ராஜா விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

“மூணு தலைமுறையா இதே பாடுதான், சாமி,” என்றார் கண்ணைக் கசக்கியபடி. தம்பி குருவான நாளிலிருந்து அவருக்கும் தம்பி சாமிதான். “ராஜா செத்ததும் மகன்மாரு நாட்டைப் பிச்சுக்கிடுதானுவ. மறுபடியும் சண்ட போட்டு ஒண்ணாக்கணும். அலுத்துப் போச்சு.”

பேசிக்கொண்டே திரையில் ராஜாவின் இளைய மகனின் படத்தைத் தட்டி எதையோ அழுத்தினார். பையனின் தலைமுடி மறைந்தது. பட்டுச் சட்டை போய், கறுப்பு அங்கி வந்தது.

“இது என்னண்ணே?”

“மடத்துல சேத்தாச்சு. இனி பங்குக்கு வரமாட்டான். மூத்தவனுக்கு முழுசும் கெடச்சிரும்.”

இன்னாசி அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன்ட்ட கேட்டியளா?”

கஸ்பார் திரும்பவில்லை.

“கேக்கதுக்கு இதுல பட்டன் கிடையாது, சாமி.”

அங்கியின் கழுத்துப் பட்டனைக் கழற்றப்போன இன்னாசியின் விரல்கள் அதன்மேலேயே நின்றுவிட்டன.