இருமல் ஒப்பந்தம்

கணக்கு சார் உள்ளே வந்ததுமே வகுப்பு சிரிக்கத் தயாரானது.

பாவம், பழக்கதோஷம். சாருக்குப் பட்டப்பெயரே ‘சிரிப்பு டப்பா’. இணையத்தில் அவர் போடும் பாடங்களுக்குக் குவியும் பாராட்டெல்லாம் ஜோக்குக்குத்தான். சமன்பாட்டைப் பற்றி ஒரு ஜீவன் வாய் திறந்ததில்லை.

அதே சமன்பாட்டில்தான் நாங்கள் எல்லோரும் கோட்டை விட்டோம். நாளை மறுதேர்வு. இதிலும் போனால் இதே வகுப்பில் இன்னொரு வருடம்.

சமக்குறியைத் தாண்டினால் எண்ணின் குறி மாறும் என்பதற்கு சார் ஒரு கதை வைத்திருக்கிறார். மாமியார் வீட்டு வாசலைத் தாண்டியதும் குணம் மாறிப்போகும் மாப்பிள்ளை கதை. போன தேர்வில் ஒருத்தி கணக்கைப் போடாமல் அந்தக் கதையை ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருந்தாள். கதை பிரமாதம். மதிப்பெண் முட்டை.

அந்தத் தாளைத் திருத்திய அன்று சாருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே களையெடுக்க ஆரம்பித்துவிட்டார். இணையப் பாடத்தில் பின்னணி இசை போச்சு, குதிக்கும் எழுத்து போச்சு, ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த அவர் தலையும் போச்சு. மிச்சம் இருந்தது வகுப்பு. ஜோக் வரும்போல இருந்தால் நான் இருமவேண்டும் என்று எனக்கும் சாருக்கும் ஒப்பந்தம்.

“உங்க தலைக்குள்ள இருக்கறது சின்ன மேசை. பாதி மேசையில ஜோக்கோட நானே ஏறி உக்காந்துட்டேன். இன்னைக்கு இறங்கிடறேன்,” என்றார்.

பலகையில் ஒரு கணக்கை முழுதாகப் போட்டார். நாங்கள் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அடுத்ததில் கடைசி வரியை மட்டும் எங்களுக்கு விட்டார். அதற்கடுத்ததில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஓர் எண் சமக்குறியைத் தாண்டும் இடம். சாரின் மீசை துடித்தது. ஐயோ, மாப்பிள்ளை வாசல்வரை வந்துவிட்டான்!

இருமினேன்.

சார் மென்று விழுங்கினார். குறி மாறும் என்று மட்டும் சொன்னார். சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று கடைசி பெஞ்சு கிசுகிசுத்தது.

கடைசிக் கணக்கில் கேள்வி மட்டும்தான். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எழுதினேன். விடை வந்தது. பக்கத்தில் இருந்தவள் நோட்டை எட்டிப் பார்த்தேன், அவளுக்கும் அதேதான். திரும்பினால் கடைசி பெஞ்சு முழுக்கக் கையைத் தூக்கியிருந்தது.

மணி அடித்து எல்லோரும் போனபிறகு சார் பலகையை அழித்தார். என் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இப்பவாவது அந்த மாப்பிள்ளை கதையைச் சொல்லுங்கப்பா.”

“அதான் நீயே தாள்ல முழுசா எழுதிட்டியேம்மா.”