அடுத்த பல்லி யார்?

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன் ஹீரோ. 'பல்லி' ஆறாம் பாகத்துக்கு வேற ஆளைப் பார்த்துட்டோம்."

சொல்லிவிட்டுத் தயாரிப்பாளர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஹீரோ அசரவே இல்லை.

"தாராளமா பாருங்க. பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடுங்க. பல்லின்னா நான்தான் சார்."

அதில் பொய்யில்லை. சுவர் ஏறி, சந்து பொந்தில் நுழைந்து திருடர்களைப் பிடிக்கும் துப்பறிவாளன் பல்லியாக ஐந்து படங்கள் நடித்துவிட்டான். ஐந்தும் ஓடு ஓடென்று ஓடின. தெருவில் அவன் தலையைக் கண்டால் போதும், ஜனங்கள் நாக்கைத் தட்டி 'ச்சு ச்சு ச்சு' என்று பல்லிபோல் சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்காத நாளில் அவனுக்குச் சோறு இறங்காது. அதை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுக்க அவனுக்கென்ன பைத்தியமா?

பக்கத்து நாற்காலியில் இருந்த டைரக்டர் தொண்டையைச் செருமினார்.

"போன படத்தையே எப்படி முடிச்சோம்னு எனக்குத்தான் தெரியும். பாதிப் படம் உங்களை உக்கார வச்சே எடுத்தேன். நின்னா வித்தியாசம் தெரிஞ்சிடுது. குரலுக்கு வேற ஆளைப் பேச வச்சோம். மேக்கப் அண்ணன் தினமும் உங்க முகத்தோட மல்லுக்கட்டறார். மழிச்சு, பூசி, மழமழன்னு ஆக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடுது. அந்த ஜன்னல் சீன் ஞாபகம் இருக்கா? நடுவுல மாட்டிக்கிட்டீங்க. ஆசாரியைக் கூப்பிட்டு சட்டத்தை அறுத்துல்ல வெளிய எடுத்தோம்?"

"ஜன்னல் சின்னது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"முதல் படத்துலேர்ந்து அதே ஜன்னல்தான் ஹீரோ."

அவனுடைய கால்ஷீட் விவகாரங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அக்கா, சிரிப்பை மறைக்கக் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"டைரக்டர் சாருக்கு என்னைவிட வயசு அதிகம். அவரை மாத்தினீங்களா?" என்றான் ஹீரோ.

டைரக்டர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க?" தயாரிப்பாளர் நயமாக ஆரம்பித்தார்.

"ஜனங்களுக்கு நான் சலிச்சுப் போயிட்டேன்னு யார் சொன்னது?"

"சலிக்கல. அதனாலதான் இப்பவே சொல்றேன். சலிக்கறதுக்கு முன்னாடி இலையை விட்டு எழுந்துடணும்."

"சார் சொல்றது சரிதான்டா," என்றாள் அக்கா. "நாமளா விலகினா மரியாதை. அவங்களா தூக்கினா பேரு கெட்டுடும்."

"நீ யார் பக்கம் அக்கா?"

"உன் பக்கம்தான். அதான் சொல்றேன்."

ஹீரோ போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான். "அந்தப் புது ஆளைக் காட்டுங்க. என்னைவிட நல்லா பண்ணியிருந்தா நானே எழுந்து போயிடறேன்."

பண்ணியிருக்க மாட்டான் என்பதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. டைரக்டர் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் பச்சைச் சட்டை போட்ட ஓர் ஒல்லி உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் தொற்றியது. அதே ஜன்னல். சட்டென்று தலை உள்ளே போனது, அப்புறம் உடம்பு, அப்புறம் கால். வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. ஒரு நொடி அமைதி. பிறகு இருட்டுக்குள்ளிருந்து 'ச்சு ச்சு ச்சு'.

ஹீரோ தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைத்தது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றான்.

போட்டார்கள். இந்தத் தடவை சிரிக்காமல் பார்த்தான்.

"தலையை முதல்ல விடறான் சார். அப்படி விட்டா ஒருநாள் கழுத்து பிடிச்சுக்கும். வலது தோளை முதல்ல விடச் சொல்லுங்க. மத்தபடி பிரமாதமா பண்றான்."

எழுந்து இருவருக்கும் கை கொடுத்தான். தயாரிப்பாளர் கண் கலங்கி, அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதே ஹீரோ. இனிமே என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்ன சார்? தலைக்கு மேல வேலை கிடக்கு," என்றான் தெம்பாக. வாசல்வரை நிமிர்ந்தே நடந்தான். கேட்டில் நின்ற காவலாளி வழக்கம்போல நாக்கைத் தட்ட, இவனும் பதிலுக்குத் தட்டினான்.

கார் தெருவைத் தாண்டியது. அக்கா மெல்ல அவன் தோளைத் தொட்டாள்.

"வருத்தமா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. கெத்தா வெளிய வந்தோம்ல?"

"ராஜா மாதிரி வந்தே."

கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் திரும்பினான். இத்தனை நேரம் இருந்த தெம்பு குரலில் இல்லை.

"அக்கா, பதினாலு வயசுல முதல் தடவையா பள்ளிக்கூடம் போறவனை, ஒன்பதாம் வகுப்புப் பசங்க விளையாட்டுல சேர்த்துப்பாங்களா?"