கூப்பிட்டாலும் வராதவள்

“ஏங்க, பாப்பா எங்க?”

சுகுணா கேட்டபோதுதான் மாதப்பன் போனைக் காதிலிருந்து எடுத்தான். தக்காளி ஏற்ற வரவேண்டிய லாரி பொம்மிடி பக்கம் பஞ்சராகி நிற்கிறது. டிரைவரிடம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது.

“என்னக் கேட்டா? நீதான பாத்துக்கணும்!”

“நல்லாருக்குதுங்க நாயம். நானே இப்பத்தான் கொல்லையில இருந்து வர்றேன்.”

“கனிமொழீ!”

பதில் இல்லை.

வீட்டுக்குள் இல்லை. மாட்டுக்கொட்டகையில் இல்லை. வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய தக்காளிப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். செல்லியின் பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் கவிழ்ந்திருந்தார்கள்.

“இங்க வரலிங்க.” தலை நிமிரவில்லை.

காலையில் வீட்டிலும் அந்தப் போனால்தான் வம்பு. கனிமொழியின் கையிலிருந்து அதைப் பிடுங்கினான். தன் சின்ன வயதில் இதையா நோண்டிக்கொண்டிருந்தோம் என்று நீளமாகப் பேசவும் செய்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கோபத்தில் எங்காவது...

சட்டென்று ஞாபகம் வந்தது.

பக்கத்து நிலத்துக்கார மாரப்பன் கொல்லையில் போன மாசம் போர்வெல் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை. குழாயை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். குழியின் வாயை மூடியிருப்பது வெறும் சாக்கு.

ஓடினான். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை.

சாக்கின் கட்டு அவிழாமல் இருந்தது. மேலே வைத்த கல்லும் அசையவில்லை. அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மூச்சு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. இங்கே இல்லையென்றால், எங்கே?

திரும்பி வந்தபோது சுகுணா தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இனி எந்தப் பக்கம் ஓடுவது? வாசல் பூவரச மரத்தில் கையை மடித்து வைத்து, அதில் முகத்தைப் புதைத்தான். தோள் குலுங்கியது.

முதுகில் பட்டென்று ஓர் அடி.

திரும்பினான். தலையெல்லாம் தூசி, கவுன் முழுக்கத் தக்காளிக் கறை. கனிமொழி குதித்தாள். பின்னால் தார்ப்பாய் ஒரு மூலையில் விலகிக் கிடந்தது.

அள்ளி எடுத்து இறுக்கிக்கொண்டான். சுகுணா ஓடி வந்தாள்.

“இவ்ளோ கூப்பிட்டமே, ஏன்டி வாயத் தொறக்கல?”

“பேரு சொல்லிக் கூப்பிட்டு ஏமாத்துவாங்க, வரக்கூடாதுன்னு நீதானப்பா சொல்லிக் குடுத்த?”

அவன் பிடியிலிருந்து நழுவி இறங்கினாள். முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“நூறு எண்ணறதுக்கு இவ்ளோ நேரமா?”

இதே மரத்தில்தான் கண்ணை மூடி எண்ண ஆரம்பித்திருந்தான். இருபதுகூடத் தாண்டவில்லை, டிரைவரின் போன் வந்துவிட்டது.

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

சட்டைப் பையில் மறுபடியும் போன் அடித்தது. அதை எடுத்து சுகுணா கையில் கொடுத்துவிட்டு, மாதப்பன் மரத்தின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினான்.

“இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு...”

“கள்ளாட்டம்! ஒண்ணுல இருந்து எண்ணுப்பா!”

குரல் மாட்டுக்கொட்டகைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.