நகர்ந்தவன் வெளியூர்

யுவராஜின் வீட்டுக் கூடத்துக்குக் குறுக்கே, நிலம் நகர்ந்து உண்டான பிளவு ஓடியது. அதற்கு வடக்கே அவர் மூத்த மகன் மிதுன் குடியிருந்தான், தெற்கே இளையவன் நிதர்சன். பிளவின்மேல், இருவர் பங்கிலும் சேராத இடத்தில், அப்பாவின் கட்டில் கிடந்தது.

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் உள்ளூர் மகன். வெளியூர் மகன் பொங்கலுக்கு வந்துபோனால் போதும். பிளவில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் இருப்பவன் வெளியூர். நகர்ந்தது யார் என்பதை, பிளவைக் கடக்கும் இடத்தில் பவானி ஆறு வளைந்திருக்கும் விதம் சொல்லிவிடும். ஆற்றுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்பதால் எல்லாரும் அதை நம்பினார்கள்.

"நான்தானுங்க சார் நகர்ந்தேன். இருபதாயிரம் வருசமா நகர்ந்துட்டே இருக்கேன்," என்றான் மிதுன், அளக்க வந்திருந்த அதிகாரியிடம்.

"அவன் எங்கீங்க நகர்ந்தான்? உக்காந்த எடத்துலயே திங்கறவன். நகர்ந்தது நானுங்க," என்றான் நிதர்சன்.

நில அளவை அதிகாரி ஆற்றின் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு பக்கமும் நகர்ந்திருக்குதுங்க. வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர், எதிரெதிர் திசையில."

இருவருக்கும் வெளியூர்ச் சான்றிதழ் கிடைத்தது. பத்து வருடமாகப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் அப்பாவுக்கு மேலே கைநீட்டிக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கடா," என்றார் யுவராஜ்.

அவர் தலையணைக்கு அடியில் போன் அடித்தது. மூன்றடி தள்ளி நின்றிருந்த மிதுன் வீடியோ காலில் வந்தான்.

"சாப்டீங்களாப்பா? உடம்பப் பாத்துக்குங்க."

நிதர்சனின் அழைப்பு காத்திருப்பில் இருந்தது.