ஹீட்டரை அணைத்தவர்

"அவ அம்மா போய் ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள உன் பொண்டாட்டிக்கு யோகா கேக்குதாடா?"

போனில் அக்கா. பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு "உம்" கொட்டினார்.

அக்கா சொன்னதிலும் தப்பில்லையே! பெற்றவளைப் பறிகொடுத்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தனியாகிப்போன அப்பாவைக் கையோடு கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொண்டாள். அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, கூடவே சிரித்த முகம். சாயங்காலமானால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அப்படி என்னதான் இருக்கு அங்கே? இடுப்பு வலியைச் சாக்கு வைத்து டாக்டரும் கூடவே ஒட்டிக்கொண்டார்.

யோகா அறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது.

"என்னங்க இது, அடுப்புக்குள்ளயா யோகா பண்றீங்க?"

"சூட்டுலதான் சார் உடம்பு நல்லா வளையும்," என்றார் யோகா டீச்சர்.

"வளையுமா, உருகுமா?"

மனைவி முழங்கையால் இடித்தாள். "ஊரார் வாயைத் திறக்க வைக்கிறதுதான் உங்க தொழில். இங்கயாவது உங்க வாயை மூடிக்கிட்டு வாங்க."

கொஞ்ச நேரத்திலேயே டாக்டர் தொப்பலாகிவிட்டார். குனிந்தால் மூக்கு நுனியில் சொட்டியது. நிமிர்ந்தால் கண்ணுக்குள் இறங்கியது.

"டீச்சர், அந்த ஹீட்டரைக் கொஞ்சம்..."

"பொறுத்துக்குங்க சார். இதோ முடிஞ்சிடும்."

நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர்களிடம் அவர் தினமும் சொல்கிற வசனம். அது எவ்வளவு பெரிய புளுகு என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

ஒருவழியாகக் கடைசி கட்டம் வந்தது. "எல்லாரும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்குங்க."

டீச்சரும் படுத்தார். டாக்டர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மெல்ல எழுந்தார். பூனைபோல் போய் ஹீட்டரை அணைத்தார். பக்கத்து ஜன்னலையும் திறந்துவிட்டார்.

சில்லென்று காற்று. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். வரிசையாகக் கிடந்த முகங்களில் வேர்வை அடங்கத் தொடங்கியது. டீச்சர் முகம் காய்ந்தது. டாக்டர் முகமும் காய்ந்தது.

மனைவியின் முகம் மட்டும் காயவில்லை.

மூடிய இமையோரத்திலிருந்து கோடு கோடாகக் காதுவரைக்கும் இறங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் வந்துவிடாமல் உதட்டை இறுகக் கடித்திருந்தாள்.

வீட்டில் அப்பா இருக்கிறார். இங்கேதான் எல்லாம் வேர்வையோடு வேர்வையாகப் போய்விடும்.

டாக்டர் ஓசைப்படாமல் ஜன்னலைச் சாத்தினார். ஹீட்டரைப் போட்டு, முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே திருகினார்.

'டிக்' சத்தம் கேட்டு டீச்சர் தலையைத் தூக்கினார். "என்ன சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டீச்சர், குளிருது," என்றார் டாக்டர், முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டே.