படம் உள்ளவை மட்டும்

இதைப் போல ஒன்று அருங்காட்சியகத்தில் இருப்பதைக் காட்டினால்தான் கேட்ட விலைக்கு நாற்காலியை எடுப்பேன் என்று வாங்க வருபவர் கறாராகச் சொல்லிவிட்டார். பழைய சாமான் கடைக்காரர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் 'அபூர்வமான பழங்கால நாற்காலி' என்று தேடினார். ஒன்றும் வரவில்லை.

“நம்ம கடை போர்டு மாதிரி அடிச்சா எப்படிங்க வரும்? அவங்களுக்கு என்ன, விக்கற அவசரமா? மரம், அளவு, சேதம், அவ்வளவுதான் எழுதுவாங்க” என்று மனைவி கீபோர்டைப் பிடுங்கினாள்.

'நாற்காலி, மரம், இடது கை விரிசல்' என்று அடித்து, ஆண்டைக் காலியாக விட்டு, 'படம் உள்ளவை மட்டும்' என்பதை அழுத்தினாள். ஒன்றே ஒன்று வந்தது. அதே நாற்காலி. அவர்கள் கடையின் விலைச்சீட்டுகூட அதில் தொங்கியது.

“மியூசியத்துலயே இருக்கே! விலைய இன்னும் ஏத்திடலாம்.”

“அது அங்க இருந்தா, நீங்க உட்கார்ந்திருக்கறது எதுல?”

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் 'இதே இடத்தில் கிடைத்த பிற பொருட்கள்' என்பதை அழுத்தினாள். மேசை வந்தது. கல்லாப்பெட்டி வந்தது. கடைசியாக, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கணினியே வந்தது. அதன் கீழே, 'இயங்குகிறது. திரையில் ஓர் ஆண் முகமும் ஒரு பெண் முகமும் படிந்துள்ளன. துடைத்தும் போகவில்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது. சரியாகப் படிக்க இருவரும் திரையருகே குனிந்தார்கள்.

சொன்ன நேரத்துக்கு வந்தவர் இரண்டு முறை குரல் கொடுத்தார். கடை திறந்திருந்தது, ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இதமான சூடு இருந்தது. எதிரே கணினித் திரை அழுக்காக இருக்கவே, கைக்குட்டையை எடுத்தார்.