ஏழாவது நிமிடம்

அவள் படத்தொகுப்பாளர். மலைவாழ் மக்கள் தாங்களே எடுத்த ஒரு குறும்படத்தை வீட்டில் வைத்து எடிட் செய்துகொண்டிருந்தாள். அதில் ஓர் இளம்பெண் தங்கள் மொழியில் பழங்கதை ஒன்றைச் சொல்வாள்.

மூன்று நாளாக ஒரு விஷயம் உறுத்தியது. சமையலறைக்குப் போய்த் திரும்பினால், படம் ஏழாவது நிமிடத்தில் நிற்கிறது. அந்தப் பெண்ணின் முகத்தில்.

"என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றான் கணவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஞாயிறு காலை கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை போல் திரும்பி வந்தாள். அவன் திரைக்கு முன்னால் கண் கலங்க உட்கார்ந்திருந்தான். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு இவ? கல்யாணத்துக்கு முன்னாடியே பழக்கமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. கதை வேடிக்கையா இருந்துச்சு, சிரிச்சேன்."

"இன்னும் சப்டைட்டிலே போடலையே! அவ பேசுறது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

அவன் முகம் வெளிறிப்போனது.

"அது என் தாய்மொழி. அவ என் தங்கச்சி. மலைக்காரன்னு தெரிஞ்சா உங்க வீட்டுல பொண்ணு தரமாட்டாங்கன்னு பயந்து, அனாதைன்னு சொல்லிட்டேன்."

எட்டு வருஷப் பொய். அவள் கோபத்தோடு போனை எடுத்து டைரக்டரை அழைத்தாள். அவன் பதறி எழுந்தான்.

"சார், ஏழாவது நிமிஷத்துல கதை சொல்றாங்களே, அவங்க நம்பர் வேணும். எதுக்கா? அவங்க என் நாத்தனார், சார்."